திரான்சிக்குப் போகிறோம் என்றேன்

மதாம் மொரோவின் கை பாரமே இல்லாத கை. தோலுக்குக் கீழே நரம்பு நீலமாகத் தெரியும். அன்று படியிறங்கும்போது மட்டும் அந்தக் கை என் முழங்கையை நோகும்படி இறுக்கிப் பிடித்திருந்தது.

பின்னேரம். மரப்படிகளுக்கு அன்றுதான் மெழுகு பூசியிருந்தார்கள். வழுக்கும் என்று ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கினோம். அவருக்கு எண்பது தாண்டியிருந்தது. எங்கள் கட்டடத்தில் லிப்ற் கிடையாது.

கீழே, முற்றத்துப் பக்க அறையில் கட்டடக் கூட்டம். வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டும் கூடுகிற கூட்டம். நான் வாடகைக்கு இருந்தவள், எனக்கு அங்கே வேலையில்லை. மதாமைக் கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டும் என்பதால்தான் போனேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் கதைக்கப்போவது என் தையல் மிசினைப் பற்றி.

கடைசிப் படியில் மதாம் நின்றார். "நீர் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானும் கதைக்கமாட்டன் எண்டுதான் நினைக்கிறன்," என்றார்.

அவர் கதைத்தது பிரெஞ்சில். எனக்கோ அவர் சொன்னதெல்லாம் எங்கள் பேச்சிலேதான் மனதில் நிற்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

மேலே மிசின், கீழே மதாம்

நாங்கள் பாரிசின் லா சப்பலுக்கு வந்த கதையைப் போன கிழமைகளில் எழுதிவிட்டேன். இது அதற்குப் பல வருடங்களுக்குப் பிறகு நடந்தது. மகள் லிசேயில், உயர்பள்ளியில், படித்துக்கொண்டிருந்தாள். இவர், என் புருசன், ஒரு ரெஸ்ரோரண்ட் குசினியில் சமையலுக்கு நின்றார். நான் வீட்டிலிருந்து சாறிச்சட்டை தைத்தேன்.

கடைத்தெரு பக்கத்திலேயே இருந்ததால் சாறி வாங்குகிறவர்கள் அந்தக் கையோடு மூன்று மாடி ஏறி என்னிடம் வந்துவிடுவார்கள். கலியாண மாதங்களில் எங்கள் கட்டில் தெரியாது, துணிதான் தெரியும். "அக்கா, கை கொஞ்சம் நீளமா வையுங்கோ. போட்டோவிலை என்ரை கை மட்டும்தான் தெரியுது" என்று ஒருத்தி. "போன வருசத்து அளவையே வையுங்கோ, நான் மெலிஞ்சிடுவன்" என்று இன்னொருத்தி. மெலிந்து நான் கண்டதில்லை. தையலுக்குள் துணி விட்டுத்தான் தைப்பேன்.

எங்களுக்கு நேர் கீழே மதாம் மொரோ. தனிக்கட்டை. புருசன் ரயில்வேயில் வேலை செய்து இறந்துபோனவர். பிள்ளைகள் இல்லை. படியில் கண்டால் "பொன்ஜூர்" என்பார், நானும் சொல்லுவேன். அதற்குமேல் எனக்கும் வராது, அவருக்கும் வராது.

ஒருநாள் மத்தியானம் தைத்துக்கொண்டிருந்தவள் சோறு போட எழும்பினேன். மிசின் நின்ற கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து டொக் டொக் என்று சத்தம். கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில் இடிக்கிறார் என்று விளங்கியது. இத்தனை நாள் பொறுத்திருந்து இன்றைக்குத்தான் இடிக்கிறாவாக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் பழைய கம்பளியை நாலாக மடித்து மிசின் காலுக்குக் கீழே போட்டேன். மெதுவாகத்தான் மிதித்தேன். நூல் மாற்ற நிறுத்தினேன். டொக் டொக்.

மூன்றாம் நாளும் அப்படியே நடந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு, ஒரு தட்டில் பயற்றம் பணியாரம் வைத்து, மன்னிப்புக் கேட்கப் போனேன்.

மதாம் கதவைத் திறந்து தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மகள் பிரெஞ்சில் மளமளவென்று மன்னிப்புச் சொன்னாள். மதாமுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சத்தமோ? சத்தத்துக்கு நான் இடிக்கேல்லை," என்றார். "சத்தம் நிண்டதுக்கு இடிச்சனான். நீர் ஏன் நிப்பாட்டினனீர்?"

மிசின் ஓடினால் தனக்கு நித்திரை வரும் என்றார். அது சட்டென்று நின்றால் விழித்துவிடுவாராம். விழித்தால் நெஞ்சு அடிக்குமாம்.

ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மகளும் கேட்கவில்லை. மதாம் ஒரு பணியாரத்தைக் கடித்து, "நல்ல கடினம்," என்றார். அதுதான் தொடக்கம்.

தொப்பிக்காரரின் மகள்

அதற்குப் பிறகு பின்னேரங்களில் அவர் மெல்ல மெல்லப் படியேறி மேலே வருவார். மிசினுக்குப் பக்கத்துக் கதிரை அவருடையது. நான் கொக்கி தைப்பேன், அவர் கதை சொல்லுவார். விளங்காததை இரவில் மகளிடம் கேட்பேன். மகள் பிரெஞ்சில் தொடங்கித் தமிழில் முடிப்பாள். கொஞ்ச மாதத்தில் மகள் இல்லாமலே விளங்கத் தொடங்கியது.

மதாமின் தகப்பன் தொப்பி தைப்பவர். பெயர் ஹெர்ஷ். வேலைக்காரர்கள் போடுகிற, முன்னுக்கு மட்டும் விளிம்பு வைத்த துணித்தொப்பி. போலந்தில் ஒரு சின்னப் பட்டணத்திலிருந்து, முதலாம் பெரிய போர் முடிந்த கையோடு, மனைவியையும் ஒரு மிசின் தலையையும் கொண்டு பாரிசுக்கு வந்தவர். மிசினின் மிதிக்கிற கால்பகுதியைக் கொண்டுவர முடியவில்லை, அதை இங்கே பழைய சாமான் சந்தையில் வாங்கினாராம். அவர்கள் இருந்தது எங்களிடமிருந்து நாலைந்து தெரு தள்ளி, கிளின்யாங்கூர்ப் பக்கம். மதாம் பிறந்தது அங்கே. வீட்டில் கூப்பிட்ட பெயர் ஹாயா. பள்ளிக்கூடத்தில் எலேன்.

அவர்கள் யூதர்கள். மதாம் அந்தச் சொல்லை எனக்குச் சொன்னபோது குரலைத் தாழ்த்தினார். என் வீட்டில் நானும் அவரும் மட்டும்தான் இருந்தோம். அப்படியிருந்தும் தாழ்த்தினார்.

அவர் சொன்ன வாழ்க்கை எனக்குப் புதிதாகவே படவில்லை. ஒரே ஊர்க்காரர் சேர்ந்து சங்கம் வைத்திருந்தார்களாம். வருத்தம் வந்தவருக்கு உதவ, வருடம் ஒரு ஆட்டம்பாட்டம் வைக்க, செத்தவரைப் புதைக்க நிலம் வாங்க. எங்கள் ஊர் ஒன்றியம் மாதிரியே. நான் கேட்டேன், "உங்கடை சங்கமும் தலைவர் பதவிக்குச் சண்டை பிடிச்சு ரெண்டாப் போனதோ?"

"ரெண்டோ?" என்றார் மதாம். "மூண்டு."

வெள்ளிக்கிழமை பொழுதுபட ஓய்வுநாள் தொடங்கும், அதற்கு முன்னமே மிசினை நிறுத்திவிடுவார்களாம். தாய் அதற்கு மேல் வெள்ளைத் துணி விரித்து மெழுகுதிரி கொளுத்துவாவாம். வேறு மேசை இல்லை. மெழுகுதிரிக்குக் கீழே துணித் துண்டுகளின் மணமும், பக்கத்தில் மீன் கறியின் மணமும் வரும் என்றார். அந்த மீனுக்குச் சீனி போடுவார்களாம். மீனுக்குச் சீனியா என்று நான் முகத்தைச் சுளித்தேன். அவர், எங்கள் மீன் குழம்பை ஒரு கரண்டி ருசி பார்த்துவிட்டு இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்ததை எனக்கு ஞாபகப்படுத்தினார்.

அவர்களுக்கும் ஒரு புதுச்சேரி ஐயா இருந்தார். அதைச் சொல்லவேண்டும். எங்கள் கட்டடத்து நாலாம் மாடியில் புதுச்சேரிக்காரர் ஒருவர், பிரெஞ்சு இராணுவத்தில் இருந்து ஓய்வு எடுத்தவர். நல்ல மனிதர். ஆனால் ஒருநாள் என்னைப் படியில் மறித்து, "இதோ பாரும்மா, நாங்க இங்க எவ்ளோ காலமா மரியாதையா இருக்கோம். நீங்க சன்னல்ல புடவையத் தொங்க விட்டா எங்க பேரும்தானே கெடுது," என்றார். இதை மதாமிடம் சொன்னேன். மதாம் விழுந்து விழுந்து சிரித்தார்.

பல தலைமுறையாகப் பிரான்சில் இருந்த யூதர்களும் அப்படித்தானாம். ஒருவர் உயரத் தொப்பியும் வெள்ளைக் கையுறையுமாகச் சங்கத்துக்கு வந்து, போலந்துப் பெண்கள் தெருவில் தலைத்துணி கட்டக்கூடாது, மெத்ரோ ரயிலில் உங்கள் பாஷையைப் பேசக்கூடாது, கையை ஆட்டிக் கதைக்கக்கூடாது என்று புத்தி சொன்னாராம். எல்லாரும் கேட்டுக்கொண்டு இருந்தார்களாம். கடைசியில் மதாமின் தகப்பன் எழும்பி, "ஐயா, உங்கடை தொப்பி நல்ல தையல்," என்றாராம்.

சுவரும் படியும்

மதாம் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது நிலைமை மாறிவிட்டது. வேலை இல்லாத காலம் வந்ததாம். வேலை இல்லாமல் போனதும் ஆட்களுக்கு வெளிநாட்டுக்காரர் கண்ணில் படத் தொடங்கினார்கள். பிரான்ஸ் பிரெஞ்சுக்காரருக்கே என்று சுவரில் சுண்ணாம்பால் எழுதியிருக்குமாம். ஞாயிற்றுக்கிழமை மெத்ரோ வாசலில் இளம் பெடியள் தடியோடு நின்று பத்திரிகை விற்பார்கள். யூதரைப் பற்றி அதில் இருக்கிற கேவலத்தைக் கத்திக் கத்தி விற்பார்கள். வாங்குகிறவர்களில் மதாமின் வகுப்புப் பிள்ளைகளின் தகப்பன்மாரும் இருந்தார்கள்.

வகுப்பில் ஒரு பிள்ளை அவரை "அழுக்கு யூதச்சி, உன்ரை நாட்டுக்குப் போ" என்றது. அவர் தன் நாடு எது என்று ஆசிரியையிடம் போய்க் கேட்டாராம். ஆசிரியை சுவரிலிருந்த பிரான்ஸ் படத்தில் அவர் விரலைப் பிடித்து வைத்து, "இது," என்றாராம். அந்த ஆசிரியையைப் பற்றிச் சொல்லும்போது மதாமின் முகம் சின்னப் பிள்ளையின் முகமாகிவிடும்.

பெர்லினில் டொக்ரராக இருந்த ஒருவர் மனைவியோடு வந்து அவர்கள் வீட்டில் தங்கியிருந்தாராம். நல்ல கோட் போட்டவர். இங்கே வைத்தியம் பார்க்க அனுமதி இல்லை. மதாமின் தாயின் குசினியில் உருளைக்கிழங்கு தோல் சீவினாராம். அங்கே யூதன் என்று துரத்தினார்கள். இங்கே தெருவில் ஜேர்மன்காரன் என்று துப்பினார்கள். வார்சாவிலிருந்து வந்த செய்தி இன்னொரு மாதிரி. மாமாவின் மகன் பல்கலைக்கழகம் போனாராம். யூதப் பெடியள் வகுப்பின் இடப்பக்க வாங்குப்பலகையில் தனியாக இருக்கவேண்டும் என்று விதி வைத்தார்களாம். அவர் அந்த வாங்கில் இருக்கவில்லை. பாடம் முடியும்வரை நின்றுகொண்டே படித்தாராம்.

அந்தக் காலத்தில் இங்கே ஒரு யூதர் பிரதமராக வந்தார். சங்கத்தில் பாட்டுப் பாடினார்களாம். தகப்பன் மட்டும் பாடாமல் வீட்டுக்கு வந்து, "நல்லதுதான். இனி மழை பெய்யாட்டிலும் எங்களைத்தான் கேப்பினம்," என்றாராம்.

பிறகு பத்திரத் தொல்லை வந்தது. நாட்டில் தங்குகிற அனுமதிக் கார்த் புதுப்பிக்கப் போனால் நாட்டை விட்டுப் போ என்று எழுதிக் கொடுப்பார்கள். கெஞ்சினால் சில கிழமை நீட்டிக் கொடுப்பார்கள். அது முடிய மறுபடி வரிசை. இதை அவர் எனக்கு விளக்கத் தேவையே இருக்கவில்லை. அந்தக் கார்த் கொடுக்கிற பிறிபெக்சர் வாசல் குளிரில் விடியற்காலையில் நின்ற என் கால்களுக்கு அது தெரியும்.

வீட்டில் வைத்துத் தைக்கவும் தனி அனுமதி வேண்டும் என்று வந்ததாம். ஹெர்ஷுக்கு அது கிடைக்கவில்லை. ஆனாலும் தைத்தார். தொப்பித் துணியில் வட்டம் வெட்டி அடுக்கி மிசின் காலுக்குக் கீழே வைத்துத் தைத்தார். படியில் பழக்கமில்லாத சப்பாத்துச் சத்தம் கேட்டால் மிசின் நிற்கும். தொப்பியெல்லாம் கட்டிலுக்குக் கீழே போகும். மதாம் கட்டிலில் ஏறிப் போர்த்துக்கொண்டு வருத்தக்காரப் பிள்ளை மாதிரிப் படுக்கவேண்டும். கதவு தட்டுப்படுமா, தாண்டிப் போகுமா என்று மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"மிசின் ஓடினால் எல்லாரும் வீட்டை இருக்கினம்," என்றார் மதாம். "நிண்டால் ஆரோ வருகினம்."

அன்றைக்குத்தான் எனக்குத் தும்புத்தடி விளங்கியது. அதற்குப் பிறகு எழும்புவதற்கு முன் தரையில் காலால் இரண்டு தரம் தட்டிவிட்டுத்தான் எழும்புவேன்.

இன்னொன்றும் சொன்னார். மெத்ரோவுக்குள் இறங்கும்போது தாய் அவர் கையை விட்டுவிடுவாவாம். மகள் பொன்னிறத் தலைமயிர்க்காரி, வாயைத் திறந்தால் பாரிஸ்காரப் பிள்ளை. தாய்க்குப் பிரெஞ்சு வராது. சேர்ந்து நின்றால் மகளையும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தாய் நாலடி பின்னால் வருவாவாம். ரயிலடிச் சனத்துக்குள் எந்தத் தாய் பிள்ளையின் கையை விடுவாள்?

நான் ஊசியை வைத்துவிட்டேன். கொழும்பில் தமிழரைத் தேடித் தேடி அடித்த ஒரு ஆடி மாதம் நான் பொட்டை அழித்து, தாலியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினவள். வாளிக்குச் சிங்களத்தில் என்ன என்று கேட்டு, சொல்லுகிற விதத்தை வைத்து ஆள் பிடித்த நாட்கள் அவை. அதை மதாமுக்கு என் உடைந்த பிரெஞ்சில் சொன்னேன். "வாளியோ?" என்றார். "ஓம், வாளி," என்றேன்.

மதாமின் கதை எப்போதும் ஒரே இடத்தில் நின்றுவிடும். போர் வரப்போகிறது என்று எல்லாரும் சொன்ன அந்தக் கோடைகாலம். அந்த இடம் வந்ததும் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவ எழும்பிவிடுவார். அதற்குப் பிந்தியது எதையும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

நான் விட்ட பிழை

ஒரு மாரிகாலத்தில் எங்கள் தளத்துப் பக்கத்து வீட்டுக்கு இளம் குடும்பம் ஒன்று வந்தது. கைக்குழந்தை இருந்தது. கொஞ்ச நாளில் கீழே தபால்பெட்டிகளுக்கு மேலே ஒரு அறிவித்தல் ஒட்டினார்கள். மகள் வாசித்துக் காட்டினாள். அடுத்த கூட்டத்தில், மூன்றாம் மாடியில் நடக்கிற தொழிலைப் பற்றியும், சத்தம், மணம், படியில் ஆட்கள் ஏறி இறங்குவதைப் பற்றியும் முடிவெடுப்பார்கள் என்று இருந்தது. தைக்கக்கூடாது என்று முடிவானால் வீட்டுக்காரர் எங்களை எழுப்பிவிடுவார். அவர் அதைப் போனில் சொல்லியும் விட்டார்.

இவர் அதிகம் யோசிக்கவில்லை. "திரான்சிக்குப் போவம். உன்ரை தங்கச்சி வீட்டிலை பின்னறை சும்மாதானே கிடக்கு," என்றார்.

வாசிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, எங்கள் ஆட்களுக்குத் திரான்சி என்றால் என்ன என்று. பாரிசுக்கு வெளியே, முன்னேறின ஆட்கள் வீடு வாங்குகிற இடம். தங்கச்சி அங்கே பின்வளவில் வெண்டியும் மிளகாயும் வைத்திருந்தாள். பூசணிக்கொடி வேலியில் ஏறியிருந்தது. லா சப்பலில் சன்னலுக்கு வெளியே ரயில் தண்டவாளம் பார்த்தவளுக்கு அது சொர்க்கம்.

அன்று பின்னேரம் மதாம் வந்து கதிரையில் இருந்ததும் சொன்னேன். அவர் கவலைப்படக்கூடாது என்று சிரித்த முகத்தோடுதான் சொன்னேன்.

"மதாம், யோசிக்காதேங்கோ. இஞ்சை விடாட்டில் நாங்கள் திரான்சிக்குப் போகிறம்."

கோப்பை சரிந்து தேத்தண்ணி அவர் மடியில் சிந்தியது.

"ஆர் உம்மைத் திரான்சிக்கு அனுப்புறது?"

"ஒருத்தரும் அனுப்பேல்லை மதாம். நாங்களாத்தான் போகிறம்."

"நீங்களாகவோ?" என்றார். "பிள்ளையையும் கூட்டிக்கொண்டோ?"

"ஓம். நல்ல இடம் மதாம். தோட்டம் இருக்கு. நீங்களும் ஒருநாள் வாங்கோ."

அவர் எழும்பினார். கோப்பையைக் கழுவவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே போனார். மடி ஈரத்தைத் துடைக்கக்கூட இல்லை.

மகள் வந்ததும் சொன்னேன். அவள் புத்தகப்பையைக் கழற்றாமல் அப்படியே நின்றாள். "அம்மா, அதை அவவிட்டைச் சொன்னனீங்களோ," என்றாள். பள்ளிக்கூடத்தில் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார்கள். போர்க்காலத்தில் பாரிசில் பிடித்த யூதர்களை, கைக்குழந்தைகள் உட்பட, திரான்சியில்தான் அடைத்து வைத்தார்கள். அங்கிருந்து ரயிலில் ஏற்றிக் கிழக்கே கொண்டுபோய்க் கொன்றார்கள். அடைத்து வைத்த கட்டடம் இப்போதும் இருக்கிறது, ஆட்கள் குடியிருக்கிறார்கள். முன்னால் ஒரு ரயில் பெட்டி நிற்கிறது.

அந்தப் பெட்டி எனக்குத் தெரியும். தங்கச்சி வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸிலிருந்து பலமுறை கண்டிருக்கிறேன். ரயில்வேக்காரர் அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

அன்றும் அடுத்த நாளும் நான் தைக்கவில்லை. கீழேயிருந்து சத்தமே வரவில்லை. இடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்கு மறுநாள் கதவு தட்டப்பட்டது. மதாம் நின்றார். மடிப்புக் கலையாமல் அழுத்தின பாவாடை, பின் குத்தின தலைமயிர். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்க முன்னம், "கூட்டத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போம்," என்றார். புருசன் இருந்த காலத்திலும் அவர் கூட்டங்களுக்குப் போனதில்லையாம்.

கூட்டம்

அறையில் பதினைந்து பேரளவில் இருந்தார்கள். நான் பின்சுவரோரம் மதாமுக்குப் பக்கத்தில் நின்றேன். புதுச்சேரி ஐயா முன்வரிசையில் கோட் போட்டு இருந்தார். பக்கத்து வீட்டு இளந்தகப்பன் என்னைக் கண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

நிர்வாகி கூரை ஒழுக்கு, குப்பைத்தொட்டி என்று வாசித்து எங்கள் விசயத்துக்கு வந்தார். முதலில் இளந்தகப்பன் குழந்தையின் நித்திரையைப் பற்றிச் சொன்னார். நியாயமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு அம்மா மணத்தைப் பற்றிச் சொன்னார். பிறகு நீலச் சுவெற்றர் போட்ட ஒருவர், முதலாம் மாடிக்காரர், கையை விரித்தார். சாறிக் கடை, மரக்கறிக் கடை, தெரு முழுக்க அவர்கள், இப்போது எங்கள் படியிலும் அவர்கள் என்றார். "இது இனி எங்கடை வீடு மாதிரியே இல்லை," என்றார்.

மதாமின் விரல்கள் என் கையை விட்டன. அவர் எழும்பினார்.

அவருக்கு எப்போதும் சின்னக் குரல். கேட்பதற்காக எல்லாரும் கதிரையை அசைக்காமல் இருக்கவேண்டி வந்தது.

"அந்த வசனம் எனக்குத் தெரியும்," என்றார். "எனக்கு அப்ப எட்டு வயது. எங்கடை கதவுக்கு வெளியிலை நிண்டு சொன்னவை. உள்ளுக்கு என்ரை அப்பா தொப்பி தைச்சுக்கொண்டிருந்தவர்."

நிர்வாகி, "மதாம் மொரோ..." என்று தொடங்கினார்.

"மொரோ என்ரை மனுசன்ரை பேர். நான் ஹெர்ஷ் வின்ட்மன்ரை மகள். அவர் போலந்து யூதர். நான் யூதச்சி. இத்தனை வருசம் இந்தப் படியாலை ஏறி இறங்கிறன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

பிறகு என்னைக் கையால் காட்டினார்.

"இந்தப் பிள்ளை என்னட்டை வந்து, திரான்சிக்குப் போகிறம் எண்டு சிரிச்சுக்கொண்டு சொன்னவ. அவவுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அங்கை தோட்டம் இருக்காம், விருப்பமெண்டால் போகட்டும். ஆனால் நாங்கள் கையைத் தூக்கி ஒரு குடும்பத்தை இந்தக் கட்டடத்திலை இருந்து திரான்சிக்கு அனுப்ப நான் விடமாட்டன்."

நீலச் சுவெற்றர்க்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் கெட்ட மனிதர் இல்லை. என் சந்தைப் பையைப் பலநாள் தூக்கித் தந்திருக்கிறார். "அதுவும் இதுவும் ஒண்டில்லை மதாம்," என்றார்.

"ஓம், இது அது இல்லை," என்றார் மதாம். "தொடங்கேக்கை அதுவும் அது இல்லை."

பிறகு அவர் இருந்துவிட்டார்.

இளந்தகப்பன்தான் முதலில் கதைத்தார். தான் யாரையும் எழுப்பச் சொல்லவில்லை, மத்தியானம் குழந்தை படுக்கிற நேரம் மட்டும் நிறுத்தினால் போதும் என்றார். என்னைப் பார்த்துக் கேட்டார். ஓம் என்பதற்குப் பிரெஞ்சில் "வீ" என்று என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்தக் கூட்டத்தில் நான் சொன்னது அவ்வளவுதான். அந்த நேரம் தவிர்த்துத் தைக்கலாம் என்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். சிலர் தூக்கவில்லை. நீலச் சுவெற்றர்க்காரர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுச்சேரி ஐயா திரும்பி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையை நேரே உயர்த்தினார், இராணுவத்தில் உயர்த்துகிற மாதிரி. நிர்வாகி எண்ணி, போதும் என்றார்.

மாடிப்படியில்

ஏறும்போது முதலாம் தளத்தில் மதாம் மூச்சுவாங்க நின்றார். நான் நன்றி சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் அதற்கு முன் கேட்டார்.

"இனி எனக்கு ஏதும் செய்வினமோ?"

எண்பது தாண்டிய மனுசி. சொந்த வீட்டுப் படியில் நின்று கேட்டார். "ஒண்டும் செய்யமாட்டினம் மதாம்," என்றேன்.

"என்ரை அப்பாவும் அப்பிடித்தான் சொன்னவர்," என்றார்.

அவர் வீட்டு வாசலில் நான் விடைபெறத் திரும்பியபோது, "உள்ளுக்கு வாரும்," என்றார். அவர் வீட்டுக் குசினியில் இருந்தோம். தேத்தண்ணி போடவில்லை. அன்று அவர் அந்தக் கோடைகாலத்தைத் தாண்டிச் சொன்னார்.

சொன்னதை நான் எழுதப்போவதில்லை. அவர் அதை என்னிடம் சொன்னார், ஊருக்குச் சொல்லவில்லை. இப்போது அவரும் இல்லை.

ஆனால் முடிவில் அவர் என்னிடம் ஒன்று கேட்டார். அவருக்குப் பிறகு இந்தப் பெயர்களைச் சொல்ல ஒருவரும் இல்லை, நீர் சொல்லும் என்றார். ஹெர்ஷ், தகப்பன். ரிவ்கா, தாய். யான்கெல், தம்பி. தம்பி ஒருவன் இருந்தான் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

என் பிரெஞ்சில் ஒரு சொல் பிசகினாலும் விடாமல் பிடித்துத் திருத்துகிறவர் மதாம். நான் மூன்று பெயரையும் சொன்னேன். ஏர்சு, றிவுக்கா, யாங்கேல் என்றுதான் வந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பெயர் மாதிரி. மறுபடி சொல்லச் சொன்னார், சொன்னேன்.

அவர் திருத்தவில்லை.